கமாவுக்குக் கைதட்டு

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கமா டீச்சர். அவளைச் சீண்டுவதற்காக வைத்ததுதான். ஆனால் அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் ஏதோ பட்டம் கொடுத்ததுபோல அவளுக்கு முகமெல்லாம் பூரித்துவிடும்.

டீச்சர் ஆவதற்கு முன்பு அவள் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தாள். புரூப் பார்க்கும் பகுதியில், வாசிக்கிற வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அச்சான தாளில் பேனாவை ஓட்டிக்கொண்டே தப்புப் பிடிப்பார். நிறுத்தற்குறிகளையும் விடாமல் வாயால் சொல்ல வேண்டும். “கதவு திறந்தது கமா உள்ளே யாரும் இல்லை முற்றுப்புள்ளி.” காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே பாட்டுதான். சட்டப் புத்தகம், தையல் புத்தகம், பூச்சிமருந்து விளக்கம், காதல் கதை எல்லாவற்றுக்கும் ஒரே ராகம், ஒரே வேகம். ஒருநாள் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்த புரூப் ரீடர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பதறிப்போய்க் கேட்டாள்.

“என்னண்ணே, என்ன ஆச்சு?”

“அந்தப் பொண்ணு செத்துப் போச்சேம்மா.”

“எந்தப் பொண்ணு?”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இப்ப நீதானம்மா வாசிச்சே!”

அந்தச் சம்பவத்தை அவள் கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். வீட்டின் முன்னறை முழுக்க ஆம்ப்ளிஃபயர், வயர்ச் சுருள், குழாய் ஸ்பீக்கர். சிரித்து முடித்துவிட்டு, “நாள் பூரா தொண்டை கிழிய வாசிக்கிறே, கேட்கிறது ஒரே ஒரு ஆளு. அதுவும் தப்புப் பிடிக்கிறதுக்காகக் கேக்கிறாரு. பேசாம டீச்சருக்குப் படி. ஒரு கிளாஸே உக்காந்து கேக்கும்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை அவள் மனசில் வாங்கிக்கொண்டாள். மாலை வகுப்பில் சேர்ந்து பயிற்சி முடித்தாள். மகளைப் பள்ளியில் சேர்த்த அதே வருடம் அவளும் ஒரு பள்ளியில் சேர்ந்தாள், டீச்சராக.

அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. மாடியில் படிக்கட்டை ஒட்டிய நீள அறை. முன்பு பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடம் என்பதால் ஒரே ஒரு ஜன்னல்தான். அதைத் திறந்தால் எதிரே டயர் கடை, மூடினால் புழுக்கம். அவள் எப்போதும் திறந்தே வைத்தாள்.

முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி வாசிக்கச் சொன்னாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. எழுத்து எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வார்த்தையைக்கூட எப்படியோ கூட்டிவிட்டார்கள். ஆனால் வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது அதன் ஆரம்பம் காணாமல் போயிருந்தது. ஈர்க்குச்சிபோல ஒல்லியாக இருந்ததால் குண்டூசி என்று பெயர் எடுத்த பையன், மூச்சே விடாமல் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையாக வாசித்துவிட்டு உட்கார்ந்தான். ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்தாள். “ஒ... ரு... ஊ... ரி... ல்...” ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் அப்படியொரு அமைதி. மூடாத குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி. அவளுக்குச் சொட்டு என்று பெயராம். வகுப்பே வைத்த பெயர். வாசிக்கச் சொன்னாலே யாராவது ஒருவன் பின்னாலிருந்து “டொக்... டொக்...” என்று நாக்கால் சத்தம் போடுவான். சொட்டு அதற்கு அழவில்லை. வாசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக டயர்களைப் பார்ப்பாள்.

டீச்சர் என்ன செய்தாள்? தெரிந்ததைச் செய்தாள். புத்தகத்தை எடுத்துத் தானே உரக்க வாசித்துக் காட்டினாள். அச்சகத்து வேகம். ஒரு பக்கம் முடிந்ததும் பெருமையோடு நிமிர்ந்தால், முன்பெஞ்சில் ஒரு பையன் கண் கலங்க உட்கார்ந்திருந்தான்.

“டீச்சர், நீங்க வாசிச்சீங்களா, இல்ல எங்களைத் திட்டுனீங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. வாசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள், ஒரு கதையை மனிதர் காதில் விழுகிற மாதிரி ஒருநாளும் வாசித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைகளில் பலருக்கு வேகமில்லை, அவளுக்கு வேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் பாடப் புத்தகத்தைக் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்தாள். வெளியிலிருந்து மகள் அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்தது. “அம்மா யார்கூடப்பா சண்டை போடுறாங்க?”

வழி பிறந்தது ஒரு நாக்குப் பிசகால். ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொக்கும் நேரம். அவளும் களைத்துப்போய் நரியைப் பற்றிய பாடத்தை வாசித்தாள். பழைய பழக்கம் எங்கிருந்தோ புகுந்துவிட்டது. “நரி ஓடியது கமா நின்றது கமா திரும்பிப் பார்த்தது முற்றுப்புள்ளி.”

வகுப்பு ஒரு கணம் விழித்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. குண்டூசி பெஞ்சில் உருண்டான். “நரி கமாவா? நரிக்குப் பேரு கமாவா டீச்சர்?”

டீச்சருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே பலகையில் ஒரு கமாவைப் பெரிதாகப் போட்டாள். “இது கமா. இங்க நரி கொஞ்சம் மூச்சு வாங்குது. நாமளும் வாங்கணும். கமா வந்தா என்ன பண்ணலாம், சொல்லுங்க?”

“கைதட்டலாம்!”

“முற்றுப்புள்ளி வந்தா?”

“மிதிக்கலாம்!”

“கேள்விக்குறி?”

அதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்து, இரண்டு கையையும் விரித்து உதட்டைப் பிதுக்குவது என்று முடிவானது. ஆச்சரியக்குறிக்குத் துள்ளிக் குதிப்பது. அப்புறம் என்ன, அதே நரிப் பாடத்தை மறுபடி வாசித்தார்கள். நரி ஓடியது, படார்! நின்றது, படார்! திரும்பிப் பார்த்தது. தொம்! இன்னொரு தடவை டீச்சர், இன்னொரு தடவை என்று அவர்களே கேட்டார்கள். ஒரே பாடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள்! குண்டூசி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்றான். கைதட்டுவதற்காகத்தான் நின்றான், ஆனால் நின்றான்.

நாலாவது தடவை ‘தொம்’முக்குக் கதவு திறந்தது. தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். அவருடைய அறை நேர் கீழே. கையில் டீ டம்ளர், டீயின் மேல் சுண்ணாம்புத் தூள்.

“என்ன நடக்குது இங்க?”

“முற்றுப்புள்ளி மேடம்” என்றான் குண்டூசி.

“உங்க முற்றுப்புள்ளி எல்லாம் என் தலையிலதான் விழுது. இடிக்காம வைக்க முடியாதா?”

அன்றிலிருந்து முற்றுப்புள்ளிக்குக் கால் கட்டைவிரலை மட்டும் தரையில் அழுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. சத்தமே வரக் கூடாது. அதுவும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது, ரகசியச் சங்கத்துக்காரர்கள் மாதிரி.

பிறகு டீச்சருக்கு யோசனைமேல் யோசனை வந்தது. பஸ்ஸில் வரும்போதே கை விரலில் கணக்குப் போட்டுக்கொண்டு சிரிப்பாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவாள்: ‘யார் என் பென்சிலை எடுத்தது?’ அதைப் போலீஸ்காரர் வாசித்தால் எப்படி, தொட்டிலில் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மா வாசித்தால் எப்படி, பென்சிலை எடுத்தவனே வாசித்தால் எப்படி? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் கொடுத்த குரல்களைக் கேட்டு அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பாடத்தை மூச்சு மூச்சாக வெட்டிக் காகிதத் துண்டுகளில் எழுதி, வரிசை கலைத்துப் போட்டு, ஆளுக்கொன்றாக எடுத்துச் சங்கிலிபோல வாசிக்க வைத்தாள். சங்கிலி அறுந்தால் முதலிலிருந்து. யாரும் அறுக்க விரும்பவில்லை. அதனால் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள்.

வாசிப்பில் எல்லாரும் மேலே ஏறினார்கள். சொட்டு மட்டும் முதல் படியிலேயே நின்றாள். கைதட்டுவாள், கட்டைவிரலை அழுத்துவாள், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது உதடு அசையும். தனியாக எழுந்தால் மறுபடியும் “ஒ... ரு...” தான். டீச்சருக்கு அந்தக் குழந்தையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருநாள் இடைவேளையில் வராந்தாவில் பிள்ளைகள் பஸ் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உள்ளே பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரின் குரல் கேட்டது. “உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க, ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அம்மா அந்தக் குழந்தையை மடியில வெச்சுக்கோங்க, ரைட்ட்ட்!” ஒரே மூச்சு. அங்கங்கே சரியான நிறுத்தம், சரியான அதட்டல். யாரடா இது என்று எட்டிப் பார்த்தாள். சொட்டு! தோளில் புத்தகப் பை, விரலிடுக்கில் காகித டிக்கெட், முகத்தில் உலகத்தையே அதட்டுகிற களை.

டீச்சர் ஓடி வந்து சாக்பீஸை எடுத்தாள். காதில் விழுந்ததை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், பலகை முழுக்க எழுதினாள். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் சொட்டை அழைத்தாள்.

“வாசி பார்க்கலாம்.”

சொட்டு பலகையைப் பார்த்தாள். தோள் சுருங்கியது. “உ... ள்... ளே...” பின்னாலிருந்து ‘டொக்’ வந்தது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “...போ... ங்... க. உள்ளே... போ...” சொட்டு நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மறுபடி பலகை.

“டீச்சர்! இது நான் சொன்னதுல்ல?”

“நீ சொன்னதேதான்.”

“இதெல்லாமா?”

“இதெல்லாம்தான்.”

அடுத்த நிமிஷம் அந்த அறையில் ஒரு பஸ் கிளம்பியது. “உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க!” கண் வரி வரியாக ஓடியது, குரல் அதன் பின்னாலேயே ஓடியது. ‘ரைட்ட்ட்’ வந்தபோது வகுப்பே எழுந்து நின்று கத்தியது. டயர் கடைக்காரர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பேசுகிற வாயும் படிக்கிற வாயும் ஒன்றுதான் என்பதை அந்தக் குழந்தைக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் புரியாது, அது அவள் கண்ணால் பார்க்க வேண்டிய விஷயம்.

அன்று சாயங்காலமே அவள் கணவரிடம் போய் நின்றாள். “ஏங்க, எனக்கு ஒரு மைக் வேணும்.”

“எத்தனை மணி நேரத்துக்கு?”

“வருஷம் முழுக்க.”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “பசங்க கையில மைக்கைக் கொடுத்தா, கடைசியில எச்சில்தான் மிஞ்சும். தெரியுமா?” சொன்னாரே தவிர, பரணிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் இறக்கி, தூசி தட்டி, மறுநாள் அவரே தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார். மைக்குக்கு ஒரு கைக்குட்டையையும் கட்டிவிட்டார்.

மைக் வந்ததும் மூன்றாம் வகுப்பு ஒரு வானொலி நிலையமாகிவிட்டது. பாடப் புத்தகத்து முயல் மைக்கில் பேசியது, ஆமை மைக்கில் பேசியது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். டீச்சர் தலைகால் புரியாமல் இருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். குண்டூசி மைக் முன்னால் நின்று முயல் கதையை ஏற்ற இறக்கத்தோடு முழங்கினான். முடிந்ததும் தலைமையாசிரியை எழுந்து போய் அவன் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கினார். டீச்சரிடம் காட்டினார்.

புத்தகம் தலைகீழாக இருந்தது.

“நல்லா இருந்துச்சு” என்றார் தலைமையாசிரியை. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். “ஆனா இது வாசிப்பு இல்லையே. மனப்பாடம்.”

டீச்சருக்கு நிலம் நழுவியது போலிருந்தது. இத்தனை ஆட்டமும் பாட்டமும் கடைசியில் கிளிப்பேச்சுக்குத்தானா? பஸ்ஸில் வீடு திரும்பும்போது விரல் விட்டு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கணவரும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் யாரோ விழுந்த கதை, யாரோ பிடிபட்ட கதை. மகள் மூச்சுவிடாமல் சொல்ல, அவர் “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பாதிக் கவளத்தோடு நிமிர்ந்தாள்.

மனப்பாடம் செய்ய முடியாதது எது? இன்றைக்குத்தான் நடந்தது!

மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே வாசல் கேட்டில் நின்று வந்த பிள்ளைகளிடமெல்லாம் சேதி கேட்டாள். மாடிக்கு ஓடி, கிடைத்ததைத் தாளில் எழுதினாள். ஒரு குழுவிடம் கொடுத்தாள். “போங்க, முதல்ல சுவருக்கு வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு. அவங்க ‘புரிஞ்சுது’ன்னு கட்டைவிரலைத் தூக்கினாத்தான் மைக்.” மைக்கில் வந்த முதல் செய்தி இது:

“வணக்கம். முக்கியச் செய்திகள். இன்று காலை குண்டூசியின் இடது செருப்பு காணாமல் போனது. தீவிரமாகத் தேடியதில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நாயின் வாயில் அது கிடைத்தது. இதுபற்றி நாய் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது.”

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அதன்பிறகு காலையில் செய்தி இல்லாமல் ஒருநாளும் விடியவில்லை. செய்தியில் தன் பெயர் வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் சீக்கிரம் வந்தார்கள். தன் பெயர் வந்த தாளை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வாசித்துக் காட்டினார்கள். சொட்டுக்கு வானிலை அறிக்கை என்றால் உயிர். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, தாளில் எழுதியிருப்பது சரிதானா என்று சந்தேகத்தோடு வாசிப்பாள். சில நாள் தடுக்கும். தடுக்கினால் ஒரு மூச்சு வாங்கிவிட்டு அந்தத் துண்டை மறுபடி எடுப்பாள். ‘டொக்’ சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. பெயர் மட்டும் சொட்டு என்றே நிலைத்துவிட்டது, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

தலைமையாசிரியை மறுபடி வந்து உட்கார்ந்தார். இந்த முறை தாளை முதலிலேயே வாங்கி, எந்தப் பக்கம் மேல் என்று பார்த்துக் கொடுத்தார். போகும்போது, “பெற்றோர் நாள்ல இந்தச் செய்தியை மேடையில வாசிக்கட்டுமே” என்றார்.

பெற்றோர் நாள் வந்தது. மைதானத்தில் பந்தல் இல்லை. வானம் தெளிவாக இருக்கும் என்று நம்பி வரிசை வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் செட் டீச்சரின் கணவருடையது. மைதானம் கொள்ளாத கூட்டம். வேலையிலிருந்து நேராக வந்த அப்பாக்கள், இடுப்பில் குழந்தையோடு அம்மாக்கள், மாமா, சித்தி, அக்கா, தம்பி. ஆறு பேர் வாசிக்க வேண்டிய செய்தி. ஐந்து பேர் அமோகமாக வாசித்து முடித்தார்கள். கடைசியில் வானிலை. சொட்டு மேடையேறினாள். அவள் மைக்கைத் தொட்டதும் அடித்தது பாருங்கள் ஒரு காற்று! கையிலிருந்த தாள் பறந்து கூட்டத்துக்கு மேல் போனது. பளிச்சென்று ஒரு மின்னல். பெருந்துளிகள் நாற்காலிகளில் பட்டுத் தெறித்தன.

டீச்சர் அப்போது மேடைக்குக் கீழே, கணவரோடு சேர்ந்து தார்ப்பாயை இழுத்து ஆம்ப்ளிஃபயர்மேல் போர்த்திக்கொண்டிருந்தாள். மேடைக்கு முன்னால் தரையெல்லாம் வயர். “இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாதே!” என்று அவர் கத்தினார். கூட்டம் எழலாமா வேண்டாமா என்று சலசலத்தது. தலைமையாசிரியை மேடைக்கு ஓடினார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இரண்டு நாளாக விழா வேலையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வந்தது வெறும் காற்று. சட்டென்று ஒரு தாளில் கிறுக்கினார். பக்கத்தில் நின்றது சொட்டு ஒருத்திதான். தாளை அவள் கையில் திணித்தார்.

கீழிருந்து டீச்சர் பார்த்தாள். தலைமையாசிரியையின் கையெழுத்து அவளுக்கே சில சமயம் விளங்காது. அவசரத்தில் ஒரு கமாகூடப் போட்டிருக்க மாட்டார். சுவருக்கு வாசித்துப் பார்க்க நேரமில்லை, கட்டைவிரல் தூக்க ஆளில்லை. அதில் இருந்தது, பிறகு அவள் பார்த்தபடி, இவ்வளவுதான்: ‘மழை வருகிறது கூட்டம் மாடி ஹாலில் நடக்கும் மேடைப் பக்கம் வர வேண்டாம் இடது வாசல் வழியாகப் போகவும் கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில் மற்றவர்கள் பின்னால்.’ தப்பான இடத்தில் மூச்சு வாங்கினால், ‘வர வேண்டாம் இடது வாசல் வழியாக’ என்றாகிவிடும். மொத்தக் கூட்டமும் வயரைப் பார்த்துத் திரும்பும்.

சொட்டு வாசிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது. ஐயோ, பழையபடி ஆகிவிட்டதா? டீச்சருக்கு மேடைமேல் ஏறித் தாளைப் பிடுங்கலாம்போல் இருந்தது. தார்ப்பாயை விட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது குழந்தையின் பாதங்கள் மட்டும்தான். அந்தப் பாதத்தில் வலது கட்டைவிரல் மெல்ல அழுந்தியது. நிமிர்ந்தது. மறுபடி ஓரிடத்தில் அழுந்தியது. டீச்சருக்கு மூச்சு வந்தது. குழந்தை பயந்து நிற்கவில்லை. வாயைத் திறக்கும் முன் கண்ணால் வாசித்து, எங்கே நிற்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

“மழை வருகிறது.” குரல் ஸ்பீக்கரில் கணீரென்று விழுந்தது. “கூட்டம், மாடி ஹாலில் நடக்கும். மேடைப் பக்கம் வர வேண்டாம்!” கட்டைவிரல் மேடைப் பலகையை நன்றாக மிதித்தது. “இடது வாசல் வழியாகப் போகவும். கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில். மற்றவர்கள், பின்னால்.”

அப்புறம் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கைதட்டியது! மழையில் நனைந்துகொண்டே, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, பிரமாதமாகக் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

சொட்டு தாளை மடித்தாள். கண்டக்டர் களை வந்துவிட்டது முகத்தில்.

“கைதட்டாதீங்க! எந்திரிச்சுப் போங்க! ஐயா, நீங்கதான், இடது பக்கம் போங்க. அது வலது!”

சிரிப்பலை மைதானத்தைத் தூக்கிப்போட்டது. ஆனால் எழுந்தார்கள். முதலில் கைக்குழந்தைக்காரர்கள், பிறகு மற்றவர்கள், ஆற்றில் தண்ணீர் திரும்புவதுபோல மொத்தமும் இடது வாசலுக்குத் திரும்பியது. ஒருவர் காலும் வயரில் படவில்லை. சொட்டு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தாள், கண்ணெல்லாம் மின்ன.

“டீச்சர்! நான் வாசிச்சேன், எல்லாரும் போறாங்க பாருங்க!”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். கையில் தார்ப்பாய், முகத்தில் மழை. பக்கத்தில் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மழைத்தண்ணி” என்றார், யாரும் கேட்காமலேயே.

மாடி ஹாலில் சொட்டின் அம்மா டீச்சரைத் தேடி வந்தார். துணி தைக்கும் கம்பெனியில் வேலை, ஈரச் சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. “டீச்சர், இவ வீட்டுல மாத்திரை அட்டையைக்கூட விடறதில்ல. வாசிச்சுட்டு என்னைய அதட்டுறா. ‘சாப்பிட்ட பின் சாப்பிடவும்’, சாப்பிட்டியா அம்மான்னு” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாப்பாவுக்குப் படிப்பு வராதுன்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இனிமே சொல்ல மாட்டேன்” என்றார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேதி பரவியது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தது. டீச்சர் பயந்தாள். பிள்ளைகள் முன்னால் குதிப்பது வேறு. அனுபவசாலிகள் முன்னால் என்னத்தைப் பேசுவது? உரை எழுதிப் பார்த்தாள், கிழித்தாள். கடைசியில் வீட்டிலிருந்த பற்பசை அட்டை, சோப்பு உறை, பல்பு டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனாள்.

முன்வரிசையில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிற ஆசிரியர் ஒருவர். அடர்ந்த மீசை, கட்டிய கை, ‘நீ என்ன சொல்லப் போறே’ என்கிற பார்வை. டீச்சர் நேராக அவரிடம் போய்ப் பற்பசை அட்டையை நீட்டினாள்.

“சார், இதைக் கொஞ்சம் வாசிங்க. ஆனா ரகசியம் சொல்ற மாதிரி.”

“நானா?”

“நீங்கதான் சார்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அட்டையை வாயோரம் மறைத்துக்கொண்டு, கிசுகிசுவென்று ஆரம்பித்தார். “காலையிலும்... இரவிலும்... பல் துலக்கவும்...” ஏதோ புதையலுக்கு வழி சொல்வதுபோல இருந்தது. கூடம் கொல்லென்று சிரித்தது. அவர் மீசைக்கடியிலும் என்னவோ அசைந்தது.

“இப்ப அதையே ஓட்டப் பந்தய வர்ணனையா வாசிங்க சார்.”

அவர் எழுந்து நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டார். “இதோ! இதோ பற்பசை முன்னால் வருகிறது! குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும்! வெயிலில் வைக்க வேண்டாம்!” குரல் ஏறியது, கை வீசியது, ஆள் நாற்காலிமேலேயே ஏறிவிட்டார். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஒரு டீச்சர் கமா டீச்சரின் பையைத் துழாவிச் சோப்பு உறையை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் பல்பு டப்பாவைப் பிடுங்கினார். “அது எனக்கு, நான் கோபமா வாசிக்கிறேன்!” என்று அங்கே ஒரு சண்டை ஆரம்பித்தது. கமா டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தச் சண்டைக்கு நடுவில் புகுந்தாள்.